எஸ்.எம்.பி.எஸ்ஸா, மதர்போர்டா? அரை நொடி சுற்றி நின்றுவிடும் பழைய டெஸ்க்டாப்

தூசுதட்டி:

வணக்கம். ஜி41 சிப்செட் மதர்போர்டு, கோர் 2 டுயோ இ7500 பிராசசர், 2 ஜிபி டிடிஆர்3 ராம் இரண்டு, 450 வாட் எஸ்.எம்.பி.எஸ் (கேபினட்டுக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி), ஒரு சாட்டா ஹார்ட் டிஸ்க், ஒரு டிவிடி டிரைவ். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை, போர்டிலேயே உள்ள விஜிஏதான். விண்டோஸ் 7.

பவர் பட்டனை அழுத்தினால் பிராசசர் ஃபேனும் எஸ்.எம்.பி.எஸ் ஃபேனும் அரை நொடி அசைந்து நின்றுவிடுகின்றன. பீப் இல்லை, திரையில் எதுவும் இல்லை. போர்டில் உள்ள பச்சை எல்.ஈ.டி மட்டும் எப்போதும் எரிகிறது. உடனே மறுபடி அழுத்தினால் அசைவுகூட இல்லை. பிளக்கைக் கழற்றி ஒரு நிமிடம் விட்டு மாட்டினால் மீண்டும் அதே அரை நொடி.

செய்து பார்த்தவை: ராமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து ஒவ்வொன்றாக மாட்டினேன். ஹார்ட் டிஸ்க், டிவிடி இரண்டையும் எடுத்துவிட்டேன். 24 பின் கனெக்டரைக் கழற்றி, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்ததில் எஸ்.எம்.பி.எஸ் ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது. அதனால் எஸ்.எம்.பி.எஸ் மேல் சந்தேகமில்லை, போர்டுதான் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. பிளக்கை மாட்டி சுவிட்சைப் போட்டு 20 நிமிடம் போல அப்படியே விட்டுவிட்டு அழுத்தினால் சில சமயம் ஆன் ஆகிவிடுகிறது. ஆன் ஆனால் நாள் முழுக்க ஓடும், ரீஸ்டார்ட்டும் ஆகும். இரவு சுவிட்சை அணைத்தால் காலையில் பழைய கதைதான். வேறு போர்டு தேடுவதற்கு முன் என்னென்ன பார்க்கலாம்?


வெப்பப்பசை:

போர்டைக் குப்பையில் போட அவசரப்பட வேண்டாம். முதலில் எளிதாக ஒதுக்கக்கூடியவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

கேபினட்டின் பவர் பட்டனிலிருந்து வரும் இரண்டு பின் கேபிளைப் போர்டிலிருந்து உருவிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு ஆன் செய்யுங்கள். பட்டன் உள்ளேயே சிக்கிக்கொண்டிருந்தால் இயந்திரம் ஆன் ஆகி நான்கு நொடியில் அணையும், ஏனென்றால் பட்டனை நான்கு நொடி அழுத்திப் பிடித்தால் அணைய வேண்டும் என்பதே அதன் ஏற்பாடு. உங்களுடையது அரை நொடி என்பதால் பட்டனாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் பார்ப்பதற்குச் செலவில்லை.

கூலர் சரியாக உட்காராவிட்டாலும் அணையும்தான். ஆனால் பிராசசர் சூடேறச் சில நொடிகளாவது ஆகும், அரை நொடியில் நடக்காது. அதை இப்போது கழற்ற வேண்டாம். எல்ஜிஏ775 சாக்கெட்டின் மெல்லிய பின்கள் போர்டில்தான் இருக்கின்றன. தேவையில்லாமல் பிராசசரைத் தூக்கி ஒரு பின் வளைந்துவிட்டால் புதிதாக ஒரு கோளாறு சேரும்.

பிறகு 4 பின் சோதனை. பிராசசருக்கு அருகில் இரண்டு மஞ்சள், இரண்டு கறுப்பு வயருடன் ஒரு சதுரக் கனெக்டர் மாட்டியிருக்கும். பிளக்கைக் கழற்றி, அந்தக் கனெக்டரை மட்டும் எடுத்துவிட்டு, 24 பின்னை மாட்டியபடியே ஆன் செய்து பாருங்கள். பிராசசருக்கு மின்சாரம் போகாததால் திரையில் ஒன்றும் வராது. கவனிக்க வேண்டியது ஃபேனை மட்டும்தான். அது இப்போது நிற்காமல் சுற்றினால் கோளாறு பிராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியில் இருக்கிறது, பெரும்பாலும் ஷார்ட் ஆன மாஸ்ஃபெட் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்). இப்போதும் அரை நொடியில் நின்றால் அந்தப் பகுதியைத் தற்காலிகமாக மறந்துவிடலாம்.

இதை மல்டிமீட்டரிலும் உறுதி செய்யலாம். பிளக் இல்லாத நிலையில் போர்டின் 4 பின் சாக்கெட்டில் மஞ்சள் வரும் இடத்துக்கும் கறுப்பு வரும் இடத்துக்கும் இடையே ஓம் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி நின்றால் ஷார்ட். ஆனால் பிராசசர் பக்கத்தில் இருக்கும் காயில்களில் புரோபை வைத்து, ஒன்றிரண்டு ஓம் காட்டுகிறதே என்று பயந்துவிடாதீர்கள். பிராசசர் மாட்டியிருக்கும்போது அங்கே அவ்வளவு குறைவாகக் காட்டுவது இயல்பு. கண்டினியூட்டி சத்தத்தை நம்பி நல்ல போர்டைச் செத்ததாக முடிவு கட்டுவது பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

பிராசசரைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்களின் (மின்சாரத்தைத் தேக்கும் சிறிய உருளைகள்) தலையையும் டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். லேசாக உப்பியிருந்தாலும், தலையில் உள்ள வெட்டுக்கோட்டில் பழுப்பு நிறத்தில் காய்ந்திருந்தாலும், அடி ரப்பர் வெளியே தள்ளி கெப்பாசிட்டர் சாய்ந்திருந்தாலும் அது போய்விட்டது.


ஓம்அளவி:

சிமோஸ் பேட்டரியை (போர்டின் தேதியையும் செட்டிங்ஸையும் நினைவில் வைக்கும் காசு வடிவ பேட்டரி) யாரும் சொல்லவில்லையே. சி.ஆர். 2032, புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். 2.7க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். கூடவே சிமோஸை கிளியர் செய்யுங்கள்: பிளக்கைக் கழற்றி, பேட்டரிக்கு அருகில் உள்ள மூன்று பின் ஜம்பரை 1-2 லிருந்து 2-3 க்கு மாற்றி, 10 நொடி வைத்துவிட்டு, பழைய இடத்திலேயே மாட்டுங்கள். திரும்ப மாட்ட மறந்தால் பல போர்டுகள் ஆன் ஆகவே ஆகாது.

எஸ்.எம்.பி.எஸ்ஸில் ரிப்பிள் (டி.சி. வோல்ட்டில் கலந்து வரும் சிறு ஏற்ற இறக்கம்) இருக்கிறதா என்று மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து மஞ்சள், சிவப்பு வயர்களில் பார்க்கலாம்.


ஊதாவயர்:

கேள்வியில் கடைசிப் பத்தியாக வந்ததுதான் முதலில் வந்திருக்க வேண்டும். 20 நிமிடம் பிளக்கில் இருந்தால் ஆன் ஆகிறது என்கிறீர்கள். அந்த 20 நிமிடத்தில் எது சூடாகிறது என்று யோசியுங்கள்.

பவர் பட்டனை அழுத்தாதவரை எஸ்.எம்.பி.எஸ்ஸின் பிரதான பகுதி தூங்குகிறது. 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் எதுவும் வெளியே வராது. வேலை செய்வது ஸ்டாண்ட்பை பகுதி மட்டும்தான். ஊதா வயரில் வரும் 5 வோல்ட் அது. பிராசசர் பக்கத்துக் கெப்பாசிட்டர்களுக்கு 12 வோல்ட்டே போகாதபோது அவை 20 நிமிடமானாலும் இரண்டு மணி நேரமானாலும் குளிர்ந்துதான் இருக்கும். ஆகவே காத்திருந்தால் குணமாகும் கோளாறு என்றால் சந்தேகம் ஸ்டாண்ட்பை பக்கம்தான் போக வேண்டும். ஒருமுறை ஆன் ஆன பிறகு ரீஸ்டார்ட் சரியாக நடப்பதை ஆதாரமாக எடுக்க வேண்டாம். அப்போது எல்லாமே சூடாக இருக்கும், எந்தப் பக்கக் கோளாறானாலும் அப்படித்தான் நடக்கும்.

காரணம் இதுதான். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் வயதாக ஆக உள்ளே இருக்கும் திரவம் வற்றுகிறது, உள் தடை ஏறுகிறது. குளிரில் அந்தத் தடை இன்னும் அதிகம், சூடானால் குறையும். போர்டின் எல்.ஈ.டி எரியச் சில மில்லிஆம்பியர் போதும், நலிந்த ஸ்டாண்ட்பையும் அதைக் கொடுத்துவிடும். பட்டனை அழுத்தும் கணத்தில் இழுப்பு கூடும்போது வோல்ட் சரிகிறது. பல எஸ்.எம்.பி.எஸ்களில் பிரதான பகுதியைக் கட்டுப்படுத்தும் சிப்புக்கும் இந்த ஸ்டாண்ட்பை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்துதான் மின்சாரம் போகிறது. ஆக அது சரிந்தால் பிரதான பகுதி கிளம்பிய வேகத்திலேயே படுத்துவிடும். உடனே மறுபடி அழுத்தினால் அசைவே இல்லாதது, பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டதால். சில எஸ்.எம்.பி.எஸ்களில் பிளக்கைக் கழற்றினால்தான் அந்தப் பூட்டு விடும்.

பேப்பர் கிளிப் சோதனை பற்றி: ஃபேன் சுற்றினால் எஸ்.எம்.பி.எஸ் நல்லது என்பது தவறான முடிவு. சுற்றாவிட்டால் பெரும்பாலும் கெட்டது என்று மட்டும்தான் அதில் தெரியும். (சில பழைய எஸ்.எம்.பி.எஸ்கள் கொஞ்சமாவது லோடு இல்லாமல் நிலைக்காது, அதனால் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டிவிட்டுச் சோதிக்க வேண்டும்.) ஒரு ஃபேன் இழுப்பது அற்பம். மேலும், நீங்கள் கிளிப் போட்டபோது அது எவ்வளவு நேரமாகப் பிளக்கில் இருந்தது? மற்றதையெல்லாம் சோதித்துவிட்டு வந்திருந்தால் அதற்குள் சூடேறியிருக்கும்.

அளக்க வேண்டிய முறை:

மல்டிமீட்டர் டி.சி. 20 வோல்ட். 24 பின் கனெக்டர் போர்டில் மாட்டியபடியே இருக்கட்டும். வயர் நுழையும் பின்பக்கத்திலிருந்து கறுப்பு புரோபைக் கறுப்பு வயர் துளையிலும் சிவப்பு புரோபை ஊதா வயர் துளையிலும் செருகுங்கள். ஊதா 9ஆவது பின், அதற்கு அடுத்துள்ள சாம்பல் 8ஆவது. புரோப் நுனி இரண்டையும் சேர்த்துத் தொடாதபடி நுனிக்கு சற்று மேல்வரை டேப் சுற்றிக்கொள்வது நல்லது.

இரவு முழுக்க பிளக் இல்லாமல் இருந்த இயந்திரத்தில், பிளக்கை மாட்டிய உடன் ஒரு அளவு. 4.75 முதல் 5.25 வரை இருக்கலாம். பிறகு பட்டனை அழுத்தியபடி பாருங்கள். டிஜிட்டல் மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும் என்பதால் அரை நொடிச் சரிவைத் தவறவிட்டுவிடும். மீட்டரில் மின்-மேக்ஸ் (Min/Max, மிகக் குறைந்த, மிகக் கூடிய அளவைப் பிடித்துவைப்பது) வசதி இருந்தால் அதைப் போடுங்கள், அல்லது முள் வைத்த பழைய அனலாக் மீட்டரைத் தேடி எடுங்கள். இந்த வேலைக்கு அதுதான் சிறந்தது. முள் துள்ளி விழுவது கண்ணுக்குத் தெரியும். 20 நிமிடம் கழித்து ஆன் ஆகும்போதும் அதே அளவை எடுங்கள்.

அளக்கும்போது யுஎஸ்பியில் எதுவும் மாட்டாதீர்கள், நெட்வொர்க் கேபிளையும் எடுத்துவிடுங்கள். பல போர்டுகளில் யுஎஸ்பி ஸ்டாண்ட்பையிலிருந்தே மின்சாரம் எடுக்கிறது.

ஓம்அளவி சொன்னதில் இரண்டு திருத்தம். பேட்டரி தீர்ந்தால் பெரும்பாலும் தேதி மாறும், செட்டிங்ஸ் மறையும், எஃப்1 அழுத்தச் சொல்லி நிற்கும். அரை நொடியில் ஃபேனை நிறுத்தாது. மாற்றுவதில் தவறில்லை, ஆனால் அதை விடையாக எண்ண வேண்டாம். இரண்டாவது, ரிப்பிள். ஏடிஎக்ஸ் (டெஸ்க்டாப் போர்டு, எஸ்.எம்.பி.எஸ்களுக்கான பொதுத் தரம்) விதிப்படி 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட், 5 மற்றும் 3.3 வோல்ட்டில் 50 மில்லிவோல்ட்தான் உச்சத்திலிருந்து உச்சம் வரை அனுமதி. அது எஸ்.எம்.பி.எஸ்ஸின் சுவிட்சிங் வேகத்தில், பத்தாயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் வருகிறது. சாதாரண மீட்டரின் ஏ.சி. ரேஞ்ச் வீட்டு மின்சாரத்தின் 50, 60 ஹெர்ட்ஸை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. அதில் பூஜ்யம் காட்டினாலும் ரிப்பிள் இல்லை என்று பொருளில்லை. ஆசிலோஸ்கோப் (வோல்ட்டின் அலையைத் திரையில் காட்டும் கருவி) இல்லாமல் அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பதே மேல்.


வெப்பப்பசை:

ஸ்டாண்ட்பை வாதம் எனக்கும் சரியாகப் படுகிறது. ஆனால் போர்டிலும் ஸ்டாண்ட்பையில் ஓடும் பகுதி உண்டு: சவுத்பிரிட்ஜின் (சாட்டா, யுஎஸ்பி போன்றவற்றைக் கவனிக்கும் சிப்) ஒரு மூலை, நெட்வொர்க் சிப், அவற்றுக்கான சிறிய ரெகுலேட்டர்கள். அவையும் அந்த 20 நிமிடத்தில் இளஞ்சூடு ஆகும். ஆகவே எஸ்.எம்.பி.எஸ், போர்டு இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி: ஹேர் டிரையர்.

முதல் நாள் காலை குளிர்ந்த நிலையில், பிளக் இல்லாமல், எஸ்.எம்.பி.எஸ்ஸின் காற்றுத் துளை வழியாக மட்டும் குறைந்த சூட்டில் நான்கைந்து நிமிடம் ஊதுங்கள். வெளித்தகடு கை வைத்தால் இதமான சூடாக இருந்தால் போதும், தொட முடியாத அளவுக்கு வேண்டாம். கேபினட்டுக்குள் காற்று போகாமல் ஒரு அட்டையால் மறைத்துக்கொள்ளுங்கள். பிளக்கை மாட்டி உடனே அழுத்துங்கள். மறுநாள் காலை இதையே திருப்பிச் செய்யுங்கள்: எஸ்.எம்.பி.எஸ்ஸை மறைத்து, போர்டை மட்டும் சூடாக்கி. ஒரே நாளில் இரண்டையும் செய்தால் முதல் சோதனையின் சூடு இரண்டாவதைக் கெடுத்துவிடும்.


தூசுதட்டி:

அளவுகள்:

பட்டன் கேபிளை எடுத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் தொட்டது: மாற்றம் இல்லை.
4 பின் கழற்றிய நிலை: அதே அரை நொடி.
போர்டின் 4 பின் சாக்கெட்டில் ஓம்: ஷார்ட் இல்லை, சில நூறு ஓமிலிருந்து மெல்ல ஏறுகிறது.
பிராசசர் பக்கக் கெப்பாசிட்டர்கள் எல்லாம் தட்டை.
பேட்டரி: 2.91 வோல்ட்.
ஊதா வயர், குளிர்ந்த நிலை: 4.81. பட்டனை அழுத்தியதும் அனலாக் மீட்டரின் முள் 4க்கும் கீழே விழுந்து திரும்புகிறது.
ஊதா வயர், 25 நிமிடம் கழித்து: 5.02. அழுத்தியதும் முள் லேசாக அசைந்தது, இயந்திரம் ஆன் ஆகிவிட்டது.
ஹேர் டிரையர், எஸ்.எம்.பி.எஸ் மட்டும்: முதல் அழுத்திலேயே ஆன்.
ஹேர் டிரையர், போர்டு மட்டும்: ஆன் ஆகவில்லை.

கிளிப் சோதனை கடைசியாகச் செய்ததுதான். அதற்கு முன் வெகுநேரம் பிளக்கில் இருந்தது.

சாலிடரிங் ஓரளவு வரும். எஸ்.எம்.பி.எஸ்ஸைத் திறந்து அந்தக் கெப்பாசிட்டர்களை மட்டும் மாற்றலாமா? வேறு வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? 450 வாட்டே வேண்டுமா?


ஊதாவயர்:

அளவுகள் தெளிவு. எஸ்.எம்.பி.எஸ்தான். 4.81 என்பது விதிக்கு உட்பட்ட எண்தான் என்பதைக் கவனியுங்கள். ஓய்வில் மட்டும் அளந்திருந்தால் நல்லது என்று சொல்லிக் கடந்திருப்போம்.

திறப்பது குறித்து: போர்டில் கெப்பாசிட்டர் மாற்றிய அனுபவத்தை வைத்து இதில் இறங்க வேண்டாம். 230 வோல்ட் மின்சாரத்தில் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் சுமார் 325 வோல்ட் டி.சி. நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கலாம். வடிக்கும் ரெசிஸ்டர் அறுந்திருந்தால் இன்னும் நீண்ட நேரம். மீட்டரால் அளந்து பூஜ்யமானதை உறுதி செய்யாமல் கை வைக்கக் கூடாத இடம் அது. ஸ்டாண்ட்பை பகுதியில் பல வடிவமைப்புகளில் முதலில் சாகும் உருப்படி, மெயின்ஸ் பக்கம் இருக்கும் சிறிய 50 வோல்ட் கெப்பாசிட்டர். 10, 22, 47 மைக்ரோஃபாரட் இவற்றில் ஒன்றாக இருக்கும், சூடான ரெசிஸ்டருக்கோ ஹீட்சிங்குக்கோ அருகில் உட்கார்ந்திருக்கும். அது வற்றினால் ஸ்டாண்ட்பை வோல்ட் கீழே மட்டுமல்ல, சில சர்க்யூட்களில் மேலேயும் ஏறிப் போர்டையே எரித்துவிடும். அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த எஸ்.எம்.பி.எஸ்ஸை இப்படிக் காயவைத்துக் காயவைத்து ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம் என்பேன்.

வாங்குவது: இ7500 உச்சமாக 65 வாட் தர பிராசசர். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத உங்கள் இயந்திரம் மொத்தமாக 150 வாட்டைத் தாண்டுவது கடினம். லேபிளில் போட்ட பெரிய எண்ணைவிட உண்மையான 300 வாட் போதும். லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 12ஆல் பெருக்கினால் வரும் வாட் மொத்த எண்ணில் பெரும்பகுதியாக இருக்க வேண்டும். 450 வாட் என்று எழுதிவிட்டு 12 வோல்ட்டில் 14 ஆம்பியர், அதாவது 168 வாட், மட்டும் காட்டினால் அந்த 450ஐ நம்ப வேண்டாம்.

கனெக்டர்: இப்போது வருபவற்றில் பிராசசர் கனெக்டர் 4+4 பின்னாக இருக்கும், ஒரு பாதியைப் பிரித்து மாட்டினால் சரி. ஆனால் 8 பின்னிலும் சில பிரியாது. கிராபிக்ஸ் கார்டுக்கான 6+2 பின்னை இதில் திணிக்கவே கூடாது, அதில் மஞ்சளும் கறுப்பும் இடம் மாறியிருக்கும். பெட்டி அளவில் சாதாரண ஏடிஎக்ஸ் அகலம் 150 மில்லிமீட்டர், உயரம் 86. கழற்றுவதற்கு முன் பழையதை அளந்துகொள்ளுங்கள். மெல்லிய கேபினட்களில் வேறு வடிவம் இருக்கும். பிராண்டட் இயந்திரங்கள் சிலவற்றில் கனெக்டர் ஒரே மாதிரி இருந்தும் வயர் வரிசை வேறாக இருக்கும் என்பதால், அவற்றில் நிறங்களை ஒப்பிடாமல் மாட்டக் கூடாது.

பின்பக்கம் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் இருந்தால் பிளக்கை மாட்டும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 230 வோல்ட் வரும் இடத்தில் 115இல் இருந்தால் ஒரு வெடிச்சத்தத்தோடு முடிந்துவிடும்.


வெப்பப்பசை:

இதே அறிகுறியோடு இன்னும் பழைய இயந்திரம் வைத்திருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: போர்டில் அந்த 4 பின் சாக்கெட்டே இல்லாவிட்டால், பிராசசர் 5 வோல்ட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் தலைமுறையாக இருக்கலாம். இன்றைய எஸ்.எம்.பி.எஸ்கள் பலத்தையெல்லாம் 12 வோல்ட்டில் வைத்துவிட்டு 5 வோல்ட்டில் மெலிந்தவை. அந்தப் போர்டுகளுக்கு லேபிளில் சிவப்பு வயரின் ஆம்பியரைப் பார்த்து வாங்க வேண்டும்.


தூசுதட்டி:

350 வாட், 12 வோல்ட்டில் 25 ஆம்பியர். மாட்டியாயிற்று. குளிர்ந்த நிலையில் முதல் அழுத்திலேயே ஆன். ஊதா வயரில் 5.08, முள் அசையவில்லை. ஆனால் விண்டோஸ் லோகோ வந்தவுடன் நீலத்திரை, 7பி என்று முடியும் எண், ரீஸ்டார்ட். சேஃப் மோடிலும் அதேதான். இடையில் ஓம்அளவி சொன்னபடி பேட்டரியை மாற்றி சிமோஸையும் கிளியர் செய்திருந்தேன்.


ஓம்அளவி:

அது கிளியர் செய்ததன் விளைவு, ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்ஸ் திரை) சாட்டா மோடு, அதாவது ஹார்ட் டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை, ஐடிஇ, ஏஹெச்சிஐ என்று இரண்டு இருக்கும் போர்டுகளில், விண்டோஸ் எதில் நிறுவப்பட்டதோ அதிலேயே இருக்க வேண்டும். கிளியர் செய்ததும் அது போர்டின் இயல்பு மோடுக்குப் போய்விட்டது. டெலீட் அழுத்தி உள்ளே போய், இப்போது எது இருக்கிறதோ அதற்கு மற்றதாக மாற்றி, எஃப்10 கொடுத்துச் சேமியுங்கள். கையோடு தேதி, நேரம், பூட் வரிசையையும் பார்த்துவிடுங்கள். தேதி 2009இலோ 2010இலோ நின்றுகொண்டிருந்தால் பிரவுசரில் எல்லாத் தளமும் சான்றிதழ் பிழை காட்டும்.